தறி ஓட்டுவது வேறு, தறி செய்வது வேறு

2025 மே மாதம், +2 ரிசல்ட் வந்த மறுநாள், அக்கா மகள் பல்லடத்தில் பஸ் ஏறித் தனியாகப் பீளமேட்டுக்கு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்: "மாமா, ஏர்போர்ஸா, இஸ்ரோவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." அவளுக்கு முன்னாடியே அக்காவின் போன் வந்திருந்தது. "பட்டாளத்துக்குப் போன்னு மட்டும் சொல்லிப்போடாதடா. உன்ற பேச்சைத்தான் அவ கேப்பா."

அன்றைக்கு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ அம்மிணி என்றேன். அப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பேசினோம். பேசப் பேச, கேள்வியே கொஞ்சம் தப்பாகப் போடப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் பூர்வீகம் காரணம்பேட்டைப் பக்கம். சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில். அப்பா எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்தவர். தறிக்குடோன் சத்தத்துக்கு மேலே கேட்கிற ஒரே சத்தம் சூலூர் விமானப்படைத் தளத்தில் ஏறி இறங்கும் ஏ.என்.-32 சரக்கு விமானத்தினுடையதுதான். 2018 ஜூலையில் தேஜஸ் போர் விமானங்களின் முதல் படைப்பிரிவு பெங்களூரிலிருந்து சூலூருக்கு வந்தது. 2020 மே மாதம் இரண்டாவதும் இங்கேயே தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் கூட்டுப் பயிற்சிக்குச் சூலூரில் வந்து இறங்கியபோது அக்கா மகள் +2. மொட்டை மாடியை விட்டு இறங்கவே இல்லை என்று அக்கா சொன்னாள். அவள் மனசில் விதை விழுந்தது அங்கேதான்.

இத்தனைக்கும் எங்கள் சொந்தத்தில் ஒருத்தர்கூட ராணுவத்தில் கிடையாது. உடுமலைக்கு அந்தப் பக்கம் அமராவதி நகரில் 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது. அணையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று எங்கள் வகையறாவில் யாரும் யோசித்ததில்லை. பையன் படித்து முடித்தால் பட்டறை போடுவான், தறி போடுவான், கோழிப்பண்ணை வைப்பான், திருப்பூரில் பனியன் கம்பெனியில் பங்கு சேருவான். மாசச் சம்பளமே இரண்டாம் பட்சம். அதிலும் ஊர் ஊராக மாற்றுகிற சம்பளம் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

2011-ல் நான் கோவையில் ஏரோநாட்டிகல் முடித்தபோது எனக்கும் இதே குழப்பம்தான். அப்பாவிடம் கேட்டேன். அவர் பத்தாவது தாண்டாதவர். நாடாவில் நூல் மாட்டிக்கொண்டே சொன்னார்: "தறி ஓட்டறது வேற, தறி செய்யறது வேற. ஓட்டறவனுக்குக் காதுல சத்தம் மாறுனா உடனே தெரியோணும். செய்யறவனுக்கு அது அஞ்சு வருசம் கழிச்சு எங்க தேயும்னு தெரியோணும். உனக்கு எது வருதுன்னு பாரு." அன்றைக்கு அது எனக்குச் சரியான பதிலாகப் படவில்லை. சம்பளம், மரியாதை, பாதுகாப்பு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹாஸ்டலில் என் அறை நண்பன் கோபிச்செட்டிபாளையத்துக்காரன். பெயரை விட்டுவிட்டு எல்லாரும் அவனைக் கோபி என்றே கூப்பிடுவோம். விமானப்படை அதிகாரி வேலைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஏஃப்கேட் தேர்வை 2012-ல் இரண்டு பேரும் எழுதினோம், இரண்டு பேருக்கும் மைசூர் தேர்வு வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. சத்தியமங்கலம் போய், திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, சாம்ராஜ்நகர் வழியாகப் பஸ்ஸில் போனோம்.

அங்கே ஐந்து நாள். முதல் நாளே பாதிக்கு மேல் பேரை வடிகட்டி அனுப்பிவிடுகிறார்கள். அறிவுத்தேர்வு ஒன்று, அப்புறம் மங்கலான ஒரு படத்தைக் காட்டி அதை வைத்துக் கதை எழுதச் சொல்லிக் குழுவாகப் பேசவிடுவது. தங்கியவர்களுக்கு மார்பில் ஓர் எண். பெயர் போய் எண்தான் நாம். மனோதத்துவத் தேர்வு, நேர்காணல், மைதானத்தில் குழுப்பணிகள்.

அதில் ஒரு பணி என் மனசில் அப்படியே நிற்கிறது. தரையில் கோடு போட்டு இது பள்ளம் என்கிறார்கள். ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு. ஒரு சுமையோடு குழு மொத்தமும் தாண்ட வேண்டும். நான் பலகையின் நீளத்தைக் கண்ணால் அளந்து, எவ்வளவு வெளியே நீட்டினால் எங்கே வளையும், மறுமுனையில் எத்தனை பேர் மிதித்து நிற்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கோபி பலகையைப் போட்டு, பருமனான இரண்டு பேரைப் பின்முனையில் நிற்கவைத்து, பயந்துபோன ஒருவனின் கையைப் பிடித்துத் தாண்டவைத்திருந்தான். என் கணக்கில் வந்த அதே இடத்தில்தான் பலகை இருந்தது. அவன் அதைக் கணக்கே இல்லாமல் கண்டுபிடித்தான். அதைவிட, ஆறு பேரை அதை நம்பவும் வைத்தான்.

ஐந்தாம் நாள் எண்களை வாசித்தார்கள். அவன் எண் வந்தது, என் எண் வரவில்லை. திம்பம் இறங்கும்போது அழுதேன். இப்போது நினைத்தால் அந்த வாரியம் என்னைச் சரியாகவே படித்திருக்கிறது.

கோபி ஹைதராபாத் பக்கம் துண்டிகல் அகாடமி, அப்புறம் பெங்களூர் ஜாலஹள்ளியில் விமானப்படைத் தொழில்நுட்பக் கல்லூரி என்று பயிற்சி முடித்து 2014-ல் அதிகாரி ஆனான். தொழில்நுட்பப் பிரிவில் இரண்டு கிளை: மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ். அவன் மெக்கானிக்கல். 24 வயதில் நாற்பது பேர் அவன் கீழே. அதில் ஒரு வாரண்ட் ஆபீசர், கோபி பிறந்த வருடத்தில் படையில் சேர்ந்தவர். "அவருக்குத் தெரிஞ்சதுல பத்துல ஒரு பங்கு எனக்குத் தெரியாது. ஆனா கையெழுத்து என்னுது" என்று முதல் விடுமுறையில் சொன்னான்.

அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் அக்கா மகளிடம் நான் அதிகம் பேசினேன். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு, ஃபார்ம் 700 என்பார்கள். என்ன பழுது வந்தது, யார் பார்த்தார்கள், எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எல்லாம் அதில் ஏறும். விமானி அதில் கையெழுத்துப் போட்டுத்தான் விமானத்தை வாங்கிக்கொள்வார். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் விமானம் பறக்கத் தகுதியானது என்று சொல்கிற கையெழுத்துகள் இருக்கின்றன. வடகிழக்கில் ஒரு தளத்தில் குளிர்கால அதிகாலை நாலு மணிக்கு, ஹைட்ராலிக் குழாயில் கசிவு. ஆறு மணிக்குப் பறக்க வேண்டும். மாற்றிவிட்டோம் என்று ஆட்கள் சொல்கிறார்கள். தானே படுத்துக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒருமுறை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, பயணத்தை நாற்பது நிமிடம் தள்ளிப்போட்டான். மேலே இருந்தவர்களிடம் திட்டு வாங்கினான். "திரும்பி வந்து சக்கரம் தரையைத் தொடற வரைக்கும் டீகூட எறங்காது மச்சி" என்பான்.

ஆனால் அந்தப் பத்து வருடத்தில் அவன் ஒரு போல்ட்டின் வடிவத்தைக்கூட மாற்றியதில்லை. மாற்றவும் முடியாது. அந்த அதிகாரம் வடிவமைத்தவர்களிடம் இருக்கிறது: விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்., தேஜஸை வடிவமைத்த ஏரோநாட்டிகல் டெவலப்மென்ட் ஏஜென்சி மாதிரி இடங்களில். சரி பார்த்து ஒப்புதல் கொடுப்பது பெங்களூரில் உள்ள செமிலாக் என்கிற அமைப்பு, ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் வருவது. இங்கெல்லாம் வடிவமைப்பு மேஜையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சீருடை இல்லாத பொறியாளர்கள். "ஏர்போர்ஸ்ல சேர்ந்து விமானம் டிசைன் பண்ணப்போறேன்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. விதிவிலக்கு உண்டு. பெங்களூரில் விமானப்படையின் சோதனை நிறுவனம் ஒன்று இருக்கிறது, ஆஸ்டே என்று பெயர். புது விமானத்தைப் பறக்கவைத்துச் சோதிக்கும் பொறியாளர்களை அங்கே பயிற்றுவிக்கிறார்கள். சீருடையிலேயே எம்.டெக் படிக்க அனுப்பப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது சிலருக்கு, அதுவும் சில வருடம் கழித்து.

என் பக்கம் வேறு மாதிரி போனது. பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வை ஏரோஸ்பேஸ் பாடத்தில் இரண்டு முறை எழுதினேன், டி.ஆர்.டி.ஓ.வுக்குப் போதுமான மதிப்பெண் வரவில்லை. பெங்களூரில் வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு இடத்தில் ஐந்து வருடம் இருந்தேன். வேலை, பாகங்களின் வலிமையைக் கணக்கிடுவது. பயணிகள் விமானத்தில் ஒரு பாகம், பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல 1.5 மடங்கு சுமை வந்தாலும் உடையக் கூடாது என்பது விதி. சரக்குக் கதவின் ஓரத்தில் வரும் ஒரு சின்ன பிராக்கெட்டை அந்த விதிக்குள் கொண்டுவர பதினைந்து மாதம் உட்கார்ந்தேன். அரை மில்லிமீட்டர் வளைவை மாற்றினால் ஒரு இடத்தில் தப்பிக்கும், இன்னொரு இடத்தில், சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால், சோர்வு விரிசல் வரும். அப்பா சொன்ன அதே தேய்மானக் கணக்கு.

எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. இரவில் படுத்தால்கூட அந்தப் பாகம் கண்முன்னால் சுழலும். ஆனால் அந்த விமானத்தை ஒரு நாளும் நான் நேரில் பார்க்கவில்லை. என் பாகத்தைக் கையில் தொட்டதும் இல்லை. கோபி போனில் எண்ணெய் வாசனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். அவனோ, "ஒரு பார்ட்டை நீயே யோசிச்சு வரைஞ்சியாடா?" என்று திருப்பிக் கேட்பான்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், எங்கள் ஊரில் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். விமானப்படையில் புதிதாகச் சேரும் அதிகாரி, இஸ்ரோவில் சேரும் விஞ்ஞானி, டி.ஆர்.டி.ஓ.வில் சேரும் விஞ்ஞானி, மூவருக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஒன்றேதான், 56,100 ரூபாய். சீருடைக்காரருக்கு அதற்கு மேல் ராணுவப் பணிக்கான 15,500 ரூபாயும் பணியிடத்தைப் பொறுத்த படிகளும் உண்டு. ஓய்வூதியத்தில்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். நிரந்தரப் பணியில் உள்ள அதிகாரிக்கு 20 வருடம் முடித்தால் பழைய முறை ஓய்வூதியம். குறுகிய காலப் பணி என்றால் பத்து வருடம், விரும்பினால், அனுமதித்தால் இன்னும் நாலு வருடம், ஓய்வூதியம் கிடையாது. கோபி குறுகிய காலப் பணிக்காரன். 2024-ல் ஸ்குவாட்ரன் லீடராக வெளியே வந்தான், 34 வயது. வந்த முதல் நாலு மாதம் அவன் பட்டபாடு எனக்குத் தெரியும். நாற்பது பேரை நடத்தியவனிடம் "கம்ப்யூட்டர்ல பாகம் வரையற கேட் சாப்ட்வேர் தெரியுமா?" என்று கேட்டார்கள். ஏஃப்கேட் வழியாகப் போகும் பெண்களும் குறுகிய காலப் பணியில்தான் சேர்கிறார்கள் என்பதால் இதை அக்கா மகளிடம் இரண்டு முறை சொன்னேன்.

+2 முடித்ததுமே போகலாம் என்றால் முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் என்.டி.ஏ. 2022-லிருந்து பெண்களையும் சேர்க்கிறார்கள். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். அவள் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். விமானப்படைக்கான இடங்களில் பெரும்பங்கு பறக்கும் பிரிவுக்குப் போய்விடும், தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு தேர்வில் இருபது இடம்கூட வராது என்று காட்டினேன். கொஞ்சம் முகம் வாடினாள். "அதுக்காக எழுதாம இருக்கணுமா?" என்றாள். எழுது, ஆனால் அது ஒன்றையே நம்பி இருக்காதே என்றேன்.

எங்கள் பக்கத்துப் பெற்றோர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஏரோநாட்டிகல் பி.இ. படித்தால் கோவை ஏர்போர்ட்டில் விமானம் ரிப்பேர் பார்க்கிற வேலை கிடைக்கும் என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். பயணிகள் விமானத்தைப் பழுதுபார்த்துப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் உரிமம் வேண்டும். அதற்குப் படிப்பே தனி; இன்ஜின், உடல் பகுதிக்கு பி1, மின்னணுக் கருவிகளுக்கு பி2 என்று பிரிவுகள். பி.இ. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒரு ஸ்க்ரூவுக்குக்கூடக் கையெழுத்துப் போட முடியாது. கோபியின் வேலைக்குச் சீருடை இல்லாத உலகில் ஈடு இந்த உரிமப் பொறியாளர்தான், ஏரோநாட்டிகல் பட்டதாரி அல்ல. இது தெரியாமல் நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளையைச் சேர்த்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பையன் இப்போது வேறு வேலையில் இருக்கிறான். நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்தது பட்டத்தின் பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் இஸ்ரோ என்றாலே மயில்சாமி அண்ணாதுரைதான். பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் தமிழ் வழியில் படித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி.யிலும் படித்து, 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்து, 2008-ல் சந்திரயான்-1 போனபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர். அவர் படித்தது எலக்ட்ரானிக்ஸ். இஸ்ரோ பொதுவாக ஆள் எடுக்கும் தேர்விலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடங்களுக்குத்தான் அதிக இடம். 65 சதவீதம் வேண்டும். ஏஃப்கேட்டிலும் மெக்கானிக்கல், புரொடக்ஷன், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் செல்லும், பட்டத்தில் 60 சதவீதமும் +2 இயற்பியல், கணக்கில் 50 சதவீதமும் இருக்க வேண்டும். ஆகவே 17 வயதில் "ஏரோ" என்ற பெயரைத் தேடி ஓட வேண்டாம், மெக்கானிக்கலை நல்ல கல்லூரியில் எடு என்றேன். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவோடு சேர்ந்த விண்வெளிக் கல்லூரியான ஐ.ஐ.எஸ்.டி. கிடைத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போ. அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் வேண்டும், அவளுக்கு அது கைகூடவில்லை.

அமெரிக்காவில் எம்.எஸ். பற்றியும் கேட்டாள். அங்கே ராக்கெட், ராணுவ விமானம் சம்பந்தப்பட்ட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், ஆயுதத் தொழில்நுட்பம் வெளியே போகாமல் இருக்க அவர்கள் சட்டமே வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கிப் போய்க் கார் கம்பெனியில் சேர்ந்தவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர்.

அப்துல் கலாமைச் சொல்லாமல் யாரும் இந்தப் பேச்சை முடிப்பதில்லை. டேராடூனில் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், இடம் எட்டுதான். இதை ஆறுதலுக்காக எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: அதே பயணத்தில் அவர் டெல்லியில் இன்னொரு நேர்காணலுக்கும் போயிருந்தார், அந்த வேலைதான் கிடைத்தது, அதுவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவதுதான். சீருடை போடாமலே நாட்டின் ராக்கெட்டுகளுக்கும் ஏவுகணைகளுக்கும் உழைத்தார். நாட்டுக்காக ஒன்று, தனக்காக ஒன்று என்று இந்த இரண்டு பாதையைப் பிரிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2017-ல் நான் கோவைக்கே திரும்பினேன். பம்பு, மோட்டார், நெசவு இயந்திரப் பாகம் என்று பழகிய பட்டறைகள் கொஞ்சம் கொஞ்சமாக விமானப் பாகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் இரண்டு. 2019-ல் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியா பாதுகாப்புத் துறைக்கென்றே ஒரு புத்தாக்க மையம் தொடங்கியது. நான் இருப்பது தரக்கட்டுப்பாட்டில். கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் ஐந்து அச்சு சி.என்.சி. இயந்திரத்தில் டைட்டானியக் கட்டியைச் சுரண்டி எடுக்கிறோம். கட்டியில் பெரும்பகுதி துருவலாகப் போய், மிஞ்சுவதுதான் பாகம். போன வருடம், உலோகக் கட்டி எந்த முறை உருக்கி வார்த்தது என்று காட்டும் எண்ணில் ஒரு இலக்கத்தை நான் தப்பாக எழுதிவிட்டேன். பாகங்கள் மைக்ரான் சுத்தமாக இருந்தன. இருந்தும் மூலப்பொருள் சான்றிதழோடு பொருந்தும் வரை நாற்பது பாகம் மூன்று வாரம் சிவப்புப் பெட்டியில் கிடந்தது. அன்றைக்குத்தான் கோபியின் ஃபார்ம் 700 எனக்கு முழுசாகப் புரிந்தது. இப்போது அவனும் கோவையில் வேறொரு பட்டறையில் தரப்பிரிவுக்குத் தலைவன். பன்னிரண்டு வருடம் இரண்டு வழியாகப் போய், அவினாசி ரோட்டில் ஒரே டீக்கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

ஆகவே அக்கா மகளிடம் நான் கேட்ட கேள்வி அப்பா கேட்டதுதான். உனக்குச் சத்தம் மாறுவது கேட்கிறதா, தேய்மானம் தெரிகிறதா? பறக்கிற விமானத்துக்கும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களுக்கும் இப்போதே பொறுப்பெடுக்க ஆசையா, இருபது வருடம் கழித்துப் பறக்கப்போகிற ஒன்றை மேஜையில் வைத்து யோசிக்க ஆசையா? முதலாவது என்றால் சீருடையோ டி.ஜி.சி.ஏ. உரிமமோ. இரண்டாவது என்றால் ஆராய்ச்சிக்கூடமோ நிறுவனமோ. யோசித்துவிட்டு, "எனக்கு மேஜையில ரொம்ப நேரம் உக்கார முடியாதுங்க மாமா" என்றாள். பள்ளியில் த்ரோபால் அணியின் கேப்டன் அவள். எனக்கு ஆச்சரியமில்லை.

மெக்கானிக்கலில் சேர்ந்துவிட்டாள், என்.சி.சி.யிலும் பெயர் கொடுத்திருக்கிறாள். அக்காவை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பாக்கி இருந்தது. அவள் பயத்தைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, அதில் இருந்த 14 பேரும் போய்விட்டார்கள். முப்படைத் தலைமைத் தளபதியும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். நம் ஊரிலிருந்து ஏறியவர்கள் என்று அக்கா அன்றைக்கு முழுக்க அடுப்பே பற்றவைக்கவில்லை.

தைப் பொங்கலுக்குக் கோபியைக் கூட்டிக்கொண்டு பல்லடம் போனேன். அக்கா ஒறம்பரைக்குச் செய்கிற மாதிரி பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். ஆபத்தைப் பற்றிக் கேட்பாள் என்று கோபி தயாராக இருந்தான். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"வருசத்துக்கு எத்தனை நாளுங்க ஊருக்கு விடுவாங்க?"

"அதிகாரிகளுக்கு அறுபது நாள் வருச விடுப்புங்க்கா. அதுபோக இருபது நாள் தற்செயல் விடுப்பு. வேலை நெருக்கடியில கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நீ பெங்களூருல அஞ்சு வருசம் இருந்தியே, எம்பது நாள் வந்தியாடா?"